கேல் நகரத்துச் சத்திரக்காரர்கள்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டு, உடைமையெல்லாம் பறிகொடுத்து, உயிர் ஊசலாடக் கிடந்த மனிதனைப் பற்றி இயேசுநாதர் சொன்ன உவமையை அறியாத கிறிஸ்தவர் இலர். கண்டும் காணாதவர்போல் ஒதுங்கிச் சென்ற ஆசாரியனையும் லேவியனையும் இகழ்ந்தும், யூதரால் அந்நியனென்று வெறுக்கப்பட்ட சமாரியன் மனமிரங்கிக் காயங்களுக்கு மருந்திட்டுக் கட்டியதைப் புகழ்ந்தும் எத்தனையோ தலைமுறைகளாகப் பிரசங்க பீடங்களிலிருந்து எடுத்துரைத்து வருகிறார்கள்; அது தகுதியே. ஆனால் அந்த உவமையின் கடைசியில் ஒரே வசனத்தில் தோன்றி மறையும் சத்திரக்காரனைக் குறித்து யாரும் அதிகம் பேசக் காணோம். சமாரியன் ஓரிரவு அங்கே தங்கிவிட்டு, மறுநாள் இரண்டு பணத்தை அவன் கையில் கொடுத்து, மேற்கொண்டு செலவாவதைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லித் தன் வழியே போய்விட்டான். அதன்பிறகு எத்தனை இரவுகள் அந்தக் காயம்பட்டவன் வேதனையில் அலறினான், யார் எழுந்து விளக்கேற்றித் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுகளை யார் அவிழ்த்துக் கட்டினார்கள், சத்திரக்காரனின் மனைவி எத்தனை வேளை கஞ்சி காய்ச்சினாள் என்பதையெல்லாம் உவமை சொல்லவில்லை. சொல்லாமற்போன அந்த நாட்களிலேதான் அவன் பிழைத்தெழுந்தான் என்று நான் எண்ணுகிறேன்.

அந்தச் சத்திரக்காரனின் வேலையை ஓர் ஊர் முழுவதும் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் செய்துவந்திருக்கிறது. பெல்ஜியம் நாட்டில், அன்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கிழக்கே, கெம்பன் என்னும் மணற்பாங்கான பூமியில் அமைந்துள்ள கேல் என்பது அதன் பெயர். நெடுங்காலம் ரை என்னும் தானியத்தையும் கறவை மாடுகளையும் நம்பி ஜீவித்த ஏழை உழவர்களின் ஊர் அது. சித்தம் கலங்கியவர்களை, தங்களுக்கு எவ்வித உறவுமில்லாத அந்நியர்களை, அவ்வூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே வைத்து, தங்கள் மேஜையிலேயே அன்னமிட்டு, அவர்கள் முதுமையடைந்து மரிக்கும்வரை காத்துவந்தன. இதற்குச் சட்டம் பிறந்தது பிற்காலத்தில், வைத்தியம் வந்து சேர்ந்தது அதற்கும் பிற்பாடு, வழக்கமே முந்தியது.

வழக்கத்தின் மூலம் ஓர் ஐதிகம். ஏழாம் நூற்றாண்டளவில் அயர்லாந்தில் ஒரு சிற்றரசன் இருந்தான் என்றும், தன் மனைவி இறந்த துக்கத்தால் புத்தி பேதலித்து, அவளைப் போன்ற அழகுள்ளவள் தன் சொந்த மகளே என்று கண்டு அவளையே மணக்கத் துணிந்தான் என்றும், அந்த இளங்கன்னி டிம்ப்னா தன் ஞானத் தந்தையாகிய ஜெரெபெர்னுஸ் என்னும் முதிய குருவோடு கடல் கடந்து கேல் பக்கத்தில் வந்து ஒளிந்தாள் என்றும் சொல்வார்கள். வழியில் தங்கிய சத்திரத்தில் அவர்கள் கொடுத்த அந்நிய நாணயங்களே தேடிவந்தவர்களுக்கு வழிகாட்டிவிட்டன. அரசன் வந்தான், குருவை அவன் சேவகர் வெட்டினார்கள், இணங்காத மகளைத் தன் கையாலேயே சிரச்சேதம் செய்தான். பித்தின் கொடுமைக்குப் பலியானவளே பித்துற்றவர்களுக்காகப் பரிந்து பேசுபவளானாள் என்பது ஜனங்களின் நம்பிக்கை. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் காம்ப்ரே நகர மேற்றிராணியாரின் கட்டளைப்படி இந்த விருத்தாந்தம் லத்தீன் பாஷையில் எழுதப்பட்டது. அதில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று ஆராய்வது அறிஞர் வேலை. நமக்கு வேண்டியது, மகளைக் கொன்ற பித்தனுடைய கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் பித்தர்களை அஞ்சி ஓடாமல் அவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள் என்பதே.

1349இல் அர்ச்சிஷ்ட டிம்ப்னாவின் பெயரால் பெரியதோர் ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். அவளுடைய அருளிக்கம் அங்கே வைக்கப்பட்டிருந்தது. நாற்புறமிருந்தும் யாத்திரிகர்கள் வந்தார்கள். தங்கள் வீட்டுப் பைத்தியங்களைக் கூட்டிவந்த உறவினர்கள் வந்தார்கள். கைகால்களைக் கட்டி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தவர்களும் உண்டு. ஆலயத்தை ஒட்டி நோயாளிகளுக்கென்று ஓர் அறை கட்டப்பட்டது. அங்கே நவநாள் தங்கி, நாள்தோறும் அருளிக்கத்தை வைத்திருந்த பீடத்தின் அடியில் முழந்தாளிட்டுத் தவழ்ந்து செல்லவேண்டும். நோயாளி உடன்படாவிட்டால் அவனுக்குப் பதிலாக வேறொருவர் தவழ்வதுண்டு. குருக்கள் பேயோட்டும் மந்திரங்களை ஓதுவார்கள். ஒன்பது நாளில் தெளிந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். தெளியாதவர்களோ இன்னும் ஒரு நவநாள் இருந்து பார்க்கலாமென்று தங்கினார்கள். அறையில் இடம் போதாமற்போகவே, அக்கம்பக்கத்து வீடுகளில் அவர்களைத் தங்கவைக்க ஆலயத்தார் கேட்டுக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவேயில்லை. உறவினர்கள் மாதந்தோறும் சிறிது பணம் அனுப்பினார்கள், அல்லது அனுப்ப மறந்தார்கள், வந்தவர் வயலுக்குப் போகத் தொடங்கினார், மாட்டுக்குத் தீனி வைத்தார், பிள்ளைகளைத் தாலாட்டினார். புதுமையை எதிர்பார்த்துக் காத்திருந்த காத்திருப்பே ஒரு வாழ்க்கையாய் முடிந்தது.

இதே நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் மற்ற இடங்களில் நடந்ததை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். லண்டன் மாநகரின் பெத்லெம் ஆஸ்பத்திரியில் சங்கிலியிடப்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்துச் சிரித்துப் பொழுதுபோக்குவதற்காக 18ஆம் நூற்றாண்டில் விடுமுறை நாட்களில் ஜனங்கள் திரளாகப் போய்வந்தார்கள். பல நகரங்கள் தங்கள் பித்தர்களைப் பிச்சைக்காரரோடும் குற்றவாளிகளோடும் ஒரே கொட்டடியில் அடைத்தன. கேல் நகரத்துத் தெருக்களிலோ அவர்கள் நடமாடினார்கள். அவர்களைக் கண்டு கல்லெறியும் சிறுவர்கள் அங்கே இல்லை. ஏனெனில் அந்தச் சிறுவர்களின் வீட்டிலும் ஒருவர் இருந்தார்.

ஆனால் அவ்வூரைப் புனிதர்களின் பட்டணமாகச் சித்திரித்துவிடுவது உண்மைக்குச் செய்யும் துரோகம். முரட்டுத்தனமாக நடப்பவர்களைக் கட்டிவைக்கவேண்டும் என்று ஊர் அதிகாரிகளே ஆணையிட்ட காலமுண்டு. ஓடிப்போகக்கூடியவர்களின் கணுக்கால்களில் இரும்பு வளையங்களைப் பூட்டி, இரண்டுக்கும் நடுவே சங்கிலி கோத்துவிட்டிருந்தார்கள். வளையம் உராய்ந்து புண்பட்ட கால்களோடு வயல் வரப்பில் நடந்தவர்களைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு வயிற்றுக்குக் குறைத்தவர்களும் சில வீடுகளில் இருந்திருப்பார்கள். சிநேகம் என்பது ஒருமுறை ஏற்றிவைத்தால் தானே எரிந்துகொண்டிருக்கும் தீபமன்று. தலைமுறைக்குத் தலைமுறை அதைத் திருத்தவேண்டியிருந்தது, கண்காணிக்கவேண்டியிருந்தது. கேல் ஊரார் திருத்தத்துக்கு இடங்கொடுத்தார்கள் என்பதையே நான் அவர்களுடைய பெருமையாகக் கருதுகிறேன்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புரட்சியின் சேனைகள் அந்தத் தேசத்தைக் கைக்கொண்டபோது டிம்ப்னாவின் ஆலயம் மூடப்பட்டது, யாத்திரைகள் நின்றன, நோயாளிகளை வீடுகளில் சேர்ப்பித்து மேற்பார்வை செய்துவந்த ஆலயக் குருக்களின் சங்கமும் கலைந்தது. ஆலயத்தைச் சார்ந்து பிறந்த வழக்கம் ஆலயம் பூட்டப்பட்டவுடன் ஒழிந்துபோகும் என்று எவரும் எண்ணக்கூடும். அது ஒழியவில்லை. நவநாளுமில்லை, மந்திரமுமில்லை, சொஸ்தமாவார் என்ற வாக்குறுதியுமில்லை. ஆயினும் வீட்டில் இருந்தவரை வெளியே அனுப்பிவிடுவதென்பது அந்தக் குடும்பங்களுக்குத் தோன்றவேயில்லை. அதுமட்டுமன்று: 1803இல் பிரஸ்ஸல்ஸ் பிரதேசத்தின் பிரெஞ்சு ஆட்சியாளராகிய பொந்தெகூலான், அந்நகரின் பரிதாபகரமான அடைப்பிடத்தில் கிடந்த சித்தசுவாதீனமற்றவர்களைக் கேல் நகருக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். வேறு நகரங்களும் அவரைப் பின்பற்றித் தங்கள் நோயாளிகளை அங்கே அனுப்பின. புரட்சி ஆலயத்தின் கதவை அடைத்தது. அதே புரட்சியின் உத்தியோகஸ்தர் அந்த ஆலயம் வளர்த்த ஜனங்களிடத்தில் வந்து இடம் கேட்டார்.

அதன்பின் வைத்திய சாஸ்திரிகள் வரத் தொடங்கினார்கள். பாரிஸ் நகரத்தில் பைத்தியக்காரர்களின் விலங்குகளைக் களைந்த பினேலின் முதன்மைச் சீடராகிய எஸ்கிரோல் 1821இல் வந்து பார்த்தார். நூற்றுக்கணக்கான நோயாளிகள் வேலியுமின்றிக் காவலுமின்றி வயல்களிலும் வீடுகளிலும் உலாவுவதைக் கண்டு வியந்தார். சங்கிலிகளைக் கண்டு வருந்தினார். பெல்ஜியம் நாட்டின் மனநோய் வைத்தியத்துக்குத் தந்தையென மதிக்கப்பெறும் கெண்ட் நகர மருத்துவர் கிஸ்லேனோ கடுமையாகக் கண்டித்தார். வைத்தியம் அறியாத உழவர்கள் கையில் நோயாளிகளை ஒப்படைப்பதும், அவர்களிடம் வேலை வாங்குவதும், பணம் பெறுவதும் அவருக்கு ஒவ்வாதனவாய்த் தோன்றின. ஒழுங்கான ஆஸ்பத்திரியே பரிகாரம் என்றார். இந்தத் தர்க்கம் அந்த நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய வைத்தியர்களிடையே நடந்தது. கிஸ்லேன் கெட்ட எண்ணங்கொண்டவரல்லர். நோயாளிகளின் துன்பத்தைக் கண்டு மனம் கொதித்தே எழுதினார். அவர் போன்றவர்களின் கண்டனம் இல்லாதிருந்தால் அந்த இரும்பு வளையங்கள் இன்னும் நெடுநாள் கழன்றிரா.

1850இல் மனநோயாளிகளைப் பற்றிய சட்டம் பெல்ஜியத்தில் பிறந்தது. கேல் அரசாங்கத்தின் நேர்ப் பொறுப்பில் வந்தது. 1856இல் தலைமை மருத்துவராகப் புல்கென்ஸ் நியமிக்கப்பட்டார். 1862இல் சிறியதோர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. புதிதாய் வருகிறவரைச் சில நாள் அங்கே வைத்துக் குணத்தை அறிந்து, ஏற்ற குடும்பத்தைத் தேர்ந்து அனுப்புவார்கள். நோய் முற்றினால் திரும்பவும் சேர்த்துக்கொள்வார்கள். ஊர் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மருத்துவரும் வீடுதோறும் சென்று பார்க்கும் பரிசோதகரும் ஏற்பட்டார்கள். நோயாளிக்குத் தனி அறை இருக்கிறதா, படுக்கை சுத்தமா, குடும்பத்தார் உண்பதையே உண்கிறாரா என்பவற்றை விசாரித்தார்கள். பிற்காலத்தில் பல இடங்களில் குளியல் இல்லங்களும் கட்டினார்கள்; நோயாளிகள் முறையாக அங்கே வந்து குளிக்கும்போது அவர்கள் உடம்பில் அடிபட்ட தழும்போ இளைப்போ உண்டா என்று தாதியர் கண்டுகொள்ள முடிந்தது. அன்பை நம்பலாம், ஆனால் குளியல் அறையிலும் பார்க்கவேண்டும் என்பது மிகவும் நல்ல விவேகம்.

இங்கே பணத்தைப் பற்றிய கேள்விக்கு வரவேண்டும். கேல் குடும்பங்களுக்குக் கூலி கிடைத்தது, அது உண்மை. ஏழை உழவனுக்கு அந்தச் சிறு தொகையும், களையெடுக்கவோ மாடு மேய்க்கவோ கிடைத்த இன்னொரு ஜோடிக் கையும் உதவியாகவே இருந்தன, அதுவும் உண்மை. ஆகையால் இதில் தர்மம் ஏது, சிநேகம் ஏது, இது ஒருவகைப் பிழைப்பன்றோ என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். சத்திரக்காரனும் இரண்டு பணம் வாங்கினான். அவன் அதை வாங்கினான் என்பதற்காக ஆண்டவர் அவனைப் பழிக்கவில்லை. கூலியின்றிச் செய்வதே சிநேகம் என்றால், கையில் வசதியுள்ளவர்கள் மாத்திரமே பிறரைச் சிநேகிக்க முடியும். கெம்பன் மணற்காட்டு உழவன் பட்டினி கிடந்து தன் விருந்தாளியையும் பட்டினி போட்டிருப்பான். நியாயத்தீர்ப்பு நாளில் மனிதனிடம் கேட்கப்படும் என்று சுவிசேஷம் சொல்லுகிற கேள்விகள், அன்னமிட்டாயா, தண்ணீர் கொடுத்தாயா, உடுத்தினாயா, அந்நியனை வீட்டில் சேர்த்தாயா என்ற மாதிரியான கேள்விகள். எவ்வளவு உணர்ச்சியோடு செய்தாய் என்றோ, நஷ்டப்பட்டுச் செய்தாயா என்றோ அங்கே கேட்கக் காணோம். மேலும் அரசாங்கம் கொடுத்தது உணவுக்கும் படுக்கைக்கும் மட்டும். நள்ளிரவில் அலறி எழுந்தவரின் கட்டிலண்டை உட்கார்ந்திருந்ததற்கும், திருமண வீட்டில் அவரையும் பந்தியில் அமர்த்தியதற்கும், அவர் இறந்தபோது துக்கம் அனுசரித்ததற்கும் எந்த அரசாங்கமும் விகிதம் நிர்ணயிக்கவில்லை.

புகழ் பரவிற்று. பிளெமிஷ் பாஷை தெரியாத, பிரெஞ்சு பேசும் பெல்ஜியர்களுக்காக 1884இல் லியெர்னே என்னும் ஊரில் இதே முறை தொடங்கப்பட்டது. பிரான்சில் 1892இல் துன்-சூர்-ஓரோன் கிராமம் பாரிஸ் நகரத்து மூதாட்டிகளை ஏற்கத் தொடங்கிற்று. 1902இல் அன்ட்வெர்ப் நகரில் கூடிய சர்வதேச மகாநாடு குடும்பத்தில் வைத்துப் பராமரிக்கும் முறையை மெச்சிற்று. வின்சென்ட் வான்கோ என்னும் மாபெரும் ஓவியர் இளைஞராய் வழி தெரியாமல் அலைந்த 1880ஆம் ஆண்டளவில், போதகராகிய அவருடைய தந்தை அவரைக் கேல் நகருக்கு அனுப்பிவிட எண்ணியதும், மகன் சீற்றத்தோடு மறுத்ததும் அக்குடும்பத்துக் கடிதங்களால் தெரிகின்றன. 1938இல் கேல் வீடுகளில் இருந்தவர் தொகை 3,736, அதுவே உச்சம்.

அந்த ஆண்டை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் செல்வதற்குள், கேல் நகரிலிருந்து ஒரு பகல் ரயில் பயணத் தொலைவிலுள்ள ஜெர்மனியில், இதே வகை நோயாளிகள் தேசத்துக்குப் பாரமென்று முத்திரையிடப்பட்டார்கள். 1940இலும் 1941இலும் ஹாடமார், கிராஃபெனெக், ஆஸ்திரியாவின் ஹார்ட்ஹைம் முதலிய ஆறு இடங்களில் விஷவாயு அறைகளை அமைத்து எழுபதினாயிரம் பேருக்கு மேல் கொன்றார்கள். கையெழுத்திட்டவர்கள் மருத்துவர்கள், பட்டம் பெற்றவர்கள், நோயாளியின் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு என்ன செலவாகிறதென்று பள்ளிக்கூடக் கணக்குகளிலே பிள்ளைகளுக்குக் கற்பித்த அரசாங்கத்தின் ஊழியர்கள். 1941 ஆகஸ்டில் மியூன்ஸ்டர் மேற்றிராணியார் ஃபான் காலென் பிரசங்க மேடையில் நின்று இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அது மகத்தான தைரியம். சொற்பொழிவு எதுவும் செய்யாத கேல் உழவர்களோ, அன்னியப் படைகள் தங்கள் நாட்டை ஆண்டபோதும், பங்கீட்டு ரொட்டியைத் தங்கள் வீட்டு விருந்தாளிக்கும் சேர்த்தே அறுத்தார்கள். 1944 செப்டம்பரில் அந்தத் தெருக்களிலேயே கடும் போர் நடந்தது; அதற்குப் பிறகும் வழக்கம் நின்றது.

போருக்குப்பின் மானிட சாஸ்திரிகள் வந்தார்கள். 1966 முதல் பத்தாண்டு அளவு நடந்த பெரிய ஆராய்ச்சியில் பங்குகொண்ட யூஜேன் ரோசென்ஸ் என்பவர், கேல் குடும்பங்களிடையே பழகி எழுதியவற்றைப் படிக்கும்போது, அந்த ஜனங்களின் ஞானம் எத்தகையதென்று விளங்குகிறது. நோயின் பெயரைக் குடும்பத்தாருக்குச் சொல்வதில்லை என்பது அங்கே நெடுநாள் மரபு, அவர்களும் கேட்பதில்லை. இந்த மனிதர் காலையில் பேசமாட்டார், கூட்டத்தைக் கண்டால் நடுங்குவார், நாய்க்குட்டியிடம் பிரியமுள்ளவர் என்பவையே அவர்களுக்கு வேண்டிய செய்திகள். ஒரு வீட்டில் தங்கியிருந்த ஒருவர் நாள்தோறும் தம் சட்டைப் பொத்தான்களையெல்லாம் முறுக்கிப் பிய்த்துவிடுவார். வீட்டுக்கார அம்மாள் ஒவ்வொரு இரவும் அவற்றை மறுபடி தைத்துவைப்பார். மீன்பிடிக்கும் உறுதியான நூலால் தைத்தால் பிய்யாதே என்று பார்க்க வந்தவர் ஒருவர் யோசனை சொன்னபோது, அந்த அம்மாள் திடுக்கிட்டு, அப்படிச் செய்தால் அவருக்குப் பெரிய துன்பமாகுமே, பிய்ப்பது அவருக்கு வேண்டியிருக்கிறதே என்று மறுத்துவிட்டாராம். சுவரிலிருந்து சிங்கங்கள் புறப்பட்டு வருவதாக அஞ்சிய இன்னொருவருக்கு, அவர் தங்கியிருந்த வீட்டுப் பெண்மணி சிங்கங்களை அதட்டித் துரத்தும் பாவனை செய்வார், அவர் அமைதியடைவார். அந்த இரவுத் தையலைச் சீர்தூக்கி அளக்க எனக்குத் தெரிந்த நிறைகோல் எதுவுமில்லை. அன்பென்றால் பிறரைத் திருத்துவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். திருந்தமாட்டாதவரோடும் சலிப்பின்றி வாழ்வது அதனினும் கடினம், ஒன்பது நாளில் முடிகிற காரியமுமன்று.

இப்போது விருந்தினர் தொகை சில நூறுக்குள் சுருங்கிவிட்டது. 1950கள் முதல் வந்த மருந்துகளால் பலர் தங்கள் சொந்த வீட்டிலேயே இருக்க முடிகிறது, அது மகிழ்ச்சிக்குரியதே. வயல்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. கணவனும் மனைவியும் பகலெல்லாம் வெளியே வேலைக்குப் போகும் வீட்டில் நோயாளியைத் தனியே விடுவது எப்படி என்ற சங்கடம் வந்தது. இந்த மரபைப் பேணிக்காக்கும் ஏற்பாட்டை 2023இல் யுனெஸ்கோ தன் நற்செயல்களின் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. ஆயினும் புதிய குடும்பங்கள் கிடைப்பது அரிதாகிவருகிறது. இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை பரம்பரையாக ஏற்றுக்கொள்பவை. பாட்டி வீட்டுக்கு இளைஞராய் வந்தவர், அந்தப் பாட்டி காலமானபின் மகள் வீட்டுக்கும், பிறகு பேரன் வீட்டுக்கும் சொத்தோடு சொத்தாகப் போய்ச் சேர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் உண்டு வாழ்ந்த வரலாறுகள் அந்த ஊரில் உண்டு. சில விஷயங்களில் பேரன் அண்ணனைக் கேட்பதுபோல் அவரிடம் யோசனை கேட்கிறான். சில விஷயங்களில் குழந்தையைப்போல் நடத்துகிறான். அவருடைய காலணியின் அளவும், அவர் விரும்பும் காப்பியின் சூடும், கோபம் வருவதற்கு முன் அவர் விரல்கள் அசையும் விதமும் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே பாடம்.